தோட்டத்துக்குள் ராத்திரி வேட்டை: களக்காட்டிலிருந்து சில பதில்கள்

மலையடிவாரத் தோட்டங்களிலும் நாங்குநேரிப் பக்கத்துத் தரிசுகளிலும் வேட்டைக்கு ஆள் நுழைவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டில் வாழை போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, திருக்குறுங்குடிப் பக்கம் எங்கள் வாழைக்குள் ராத்திரி நாலைந்து பேர் தலையில் லைட் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நானும் தம்பியும் கம்போடு போய் மறிக்கலாமா?

போகவே போகாதீர்கள் தம்பி. தலை லைட்டோடு வருகிறவன் இலை அசைவதையும் கண் மினுங்குவதையும் பார்த்துத்தான் சுடுவான். இருட்டில் வாழைக்குள் குனிந்து போகிற ஆளுக்கும் பன்றிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டோ இரும்புத் துண்டோ கெட்டித்திருப்பார்கள். அது சிதறும், குறி தப்பினாலும் ஆளைக் கிழித்துவிடும்.

பம்பு செட் ரூமிலேயே இருங்கள். சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லா லைட்டையும் போட்டுச் சத்தமாகக் குரல் கொடுங்கள். உள்ளே மனுஷன் இருக்கிறான் என்று தெரிந்தாலே பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். ஓடுகிறவனை விரட்ட வேண்டாம். போகிற வழியை மட்டும் அவனுக்குத் திறந்து விடுங்கள். அங்கிருந்தே 112க்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் போன் போடுங்கள். உங்கள் பகுதி வனக்காப்பாளரின் நம்பரைப் பகலிலேயே வாங்கி வைத்திருப்பது நல்லது.

போனில் ‘என் தோட்டத்தில் ஆள்’ என்று மட்டும் சொன்னால் யாராலும் வந்து சேர முடியாது. எந்த ஓடை, எந்த வண்டித்தடம், எத்தனை லைட், எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லுங்கள். பைக்கை எங்கேயாவது கால்வாய்க் கரையில் நிறுத்திவிட்டுத்தான் வந்திருப்பார்கள். திரும்ப அங்கேதான் போயாக வேண்டும் என்பதால் அந்த இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிடித்துக் கட்டி வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டால் என்ன?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அத்துமீறி நுழைதல் 329வது பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது ஜாமீன் கிடைக்கிற குற்றம். பொதுமக்களில் ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்க வேண்டுமானால், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பிடிக்கிறவர் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும். அப்போதும் 6 மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும். வேட்டைக் குற்றம் அந்த வகையில் வருமா என்று இருட்டில், துப்பாக்கிக்கு முன்னால் நின்று கணக்குப் போட முடியாது. கட்டி வைத்து நாலு அடி அடித்தீர்கள் என்றால் கேஸ் உங்கள் மேல் திரும்பும்.

ஓடைக்கரை வேலியில் பைக் கிளட்ச் வயரில் சுருக்கு மாட்டியிருந்தது அண்ணாச்சி. கழற்றித் தூர வீசிவிட்டேன். சரிதானே?

ஆத்திரம் புரிகிறது தாயி. அடுத்த முறை வீசாமல் முதலில் போட்டோ எடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்தால்தான் சாட்சியாக நிற்கும். ஒன்று இருந்தால் வரிசையாக இன்னும் இருக்கும். வேலியில் பன்றி புகுந்து புகுந்து வழவழவென்று ஆன ஓட்டையைப் பாருங்கள். அதற்கு நேராக, தரையிலிருந்து ஒரு சாண் மேலே வட்டம் தொங்கும். மறு நுனி உடைமரத்து மூட்டில் இறுக்கி முறுக்கியிருக்கும். கம்பி புதிதாக இருந்தால் மினுமினுக்காமல் இருக்கத் தீயில் வாட்டிக் கருக்கியிருப்பார்கள். காலையில் வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் வேலியோரம் நடந்தால் கண்ணில் படும். உயிரோடு ஏதாவது மாட்டியிருந்தால் கிட்டே போகாதீர்கள். பன்றியானாலும் சிறுத்தையானாலும் கம்பி அறுந்த அடுத்த நொடி உங்கள் மேல்தான் பாயும்.

இதைவிட எனக்குப் பயம் அவுட்டுக்காய்தான். நூல் சுற்றிய உருண்டை, மேலே கருவாடோ குடலோ கொழுப்போ தடவியிருக்கும். கடித்தால் வெடிக்கும். மேய்கிற மாட்டுக்கும் நாய்க்கும் வாய் சிதறிப் போவது இதனால்தான். அப்படி எதைக் கண்டாலும் காலால்கூடத் தட்டக் கூடாது. பிள்ளைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள், தூரத்தில் ஒரு கொப்பை நட்டு அடையாளம் வையுங்கள், போலீசுக்குச் சொல்லுங்கள்.

வேலிக் கம்பியில் கரண்ட் விட்டால் பன்றியும் வராது, ஆளும் வராதே?

ஆள் சாவான். நேரடி லைன் கம்பியைத் தொட்டவன் வேட்டைக்காரனாகத்தான் இருப்பான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? விடியற்காலையில் தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துத் தோட்டக்காரராக இருக்கலாம், உங்கள் வீட்டு ஆளாகவே இருக்கலாம். சோலார் வேலி விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும், உயிரை எடுக்காது. அதற்கும் 2023ல் தமிழக அரசு கொண்டுவந்த விதிகளின்படி பதிவு வேண்டும்.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் தரிசில் ஊர்ப் பையன்களே நாயோடு முயல் வேட்டைக்கு வருகிறார்கள். போலீசுக்குப் போனால் பகை. என்ன செய்ய?

பகலில் பேசுங்கள். அந்தப் பையன்கள் மதிக்கிற பெரியவர் ஒருவரை முன்னால் வைத்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, குரல் உயர்த்தாமல். முயலும் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, பிடிபட்டால் படிப்பும் வேலையும் போகும் என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஒரு தப்பான சொல் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு தெருவுக்கு நடுவே வெட்டுக்குத்தாகிவிடும். அதனால் ஆள் திரட்டிக்கொண்டு போகாதீர்கள், குலம் கோத்திரத்தை இழுக்காதீர்கள். அப்புறமும் வந்தால் எழுதிக் கொடுங்கள். புகாரில் நடந்தது மட்டும் இருக்கட்டும்.

போர்டு வைத்தால் பிரயோஜனம் உண்டா?

உண்டு. எல்லைக் கல்லும் தமிழில் ஒரு போர்டும் இருந்தால், தெரியாமல் வந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆடு மேய்க்கிறவரையும் விறகு பொறுக்குகிற பாட்டியையும் அந்தப் போர்டைக் காட்டி விரட்டாதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் தோட்டத்தைப் பார்க்கிற கண் அவர்களுடையதுதான்.

பன்றி ஏத்தன் வாழைக் கன்றை எல்லாம் குத்திப் போட்டுவிட்டது. அந்த வேட்டைக்காரர்களையே கூப்பிட்டுக்கொண்டால்?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நானும் கன்று இழந்தவன்தான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். கூப்பிட்டவரும் குற்றவாளிதான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. உங்கள் தோட்டம் அந்தத் தூரத்தில் இருந்தால் ரேஞ்சரிடம் மனுக் கொடுங்கள். காட்டை ஒட்டி இருந்தால் சேதத்தைப் போட்டோ எடுத்து, விஏஓவிடம் காட்டி, இழப்பீட்டுக்கு எழுதுங்கள். கன்றைப் பிடுங்கிச் சுத்தம் பண்ணுவது அதற்கு அப்புறம்.