வயல் சாணியில் வண்டு இல்லை, வாங்கி விடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஐந்து மாடு வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அறுவடை முடிந்த வயலில் சாணி விழுந்தால் மறுநாளே வண்டு குடைந்து தூளாக்கிவிடும். இரண்டு மூன்று வருடமாக அப்படியே காய்ந்து வறட்டியாகக் கிடக்கிறது. ஐயனார் கோயில் திடலில் மற்றவர் மாடு போடும் சாணியில் மட்டும் வண்டு தெரிகிறது. எங்காவது வாங்கி விடலாமா?

பதில்: வேண்டாம். திடலில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், கூப்பிடு தூரத்தில் இருப்பது பறந்து வராமலா போகும். ஆஸ்திரேலியாவில் 1960களின் கடைசியில் இருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், உண்மைதான், ஆனால் அங்கிருந்தவை கங்காருப் புழுக்கைக்குப் பழகியவை, மாட்டுச் சாணியைப் பெரும்பாலும் சீண்டவில்லை. நமக்கு அந்தத் தலைவலி கிடையாது.

சாணி வண்டில் உருட்டிக்கொண்டு போவது ஒரு ரகம், சாணிக்கு நேர் கீழே குழி தோண்டி இழுத்துக்கொள்வது ஒரு ரகம், சாணிக்குள்ளேயே குடியிருப்பது இன்னொரு ரகம். முதல் இரண்டும் மண்ணுக்குள்தான் முட்டை வைக்கும், அது வண்டாகி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் ரோட்டவேட்டர் ஓடினாலோ சம்பாவுக்குத் தண்ணீர் கட்டினாலோ கதை முடிந்தது. அதனால்தான் உழாத திடல், தரிசு, மேய்ச்சல் புஞ்சையில் பல ரகம் பிழைக்கும், நஞ்சையில் பெரும்பாலும் சின்ன வண்டுதான்.

சரி, நடவும் உழவும் முன்பும் இருந்ததே, அப்போது வண்டு இருந்ததே? என் சந்தேகம் குடற்புழு மருந்தின் மேல். ஐவர்மெக்டின் ஊசி போட்டால் மருந்தின் பெரும்பகுதி சாணியில்தான் வெளியேறும், சில வாரம் வரை. அந்தச் சாணியில் முட்டையிட்டால் குஞ்சுப் புழு தேறாது. ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் வண்டுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, ஆனால் உண்ணிக்காக ஊசி போட்டிருந்தால் இவை அதற்கு ஈடாகாது. எனவே கால்நடை மருத்துவரிடம் முதலில் சாணிப் பரிசோதனை செய்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். போட்ட மாட்டை மூன்று நான்கு வாரம் கொட்டகையில் கட்டி, சாணியை எருக்குழிக்கு அனுப்புங்கள். எருவுக்காக வெளி மந்தையை வயலில் இரவு அடைத்துக் கிடை போடுகிறவராக இருந்தால், மந்தையை ஓட்டிவரும் கீதாரியிடமும் கடைசியாக எப்போது ஊசி போட்டார் என்று கேளுங்கள், யாரும் கேட்பதில்லை.

மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு நாள் ஆன சாணியை, அடிமண்ணோடு, திடலில் ஒன்றும் வயலில் ஒன்றும் அள்ளித் தனித்தனி வாளித் தண்ணீரில் கரையுங்கள். வண்டு மிதந்து வரும், எண்ணிவிடலாம். திடலை மட்டும் உழாமல் விட்டுவையுங்கள், வயலுக்கு வண்டு அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.

அப்புறம், எருக்குழியில் கட்டைவிரல் பருமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைச் சாணி வண்டுக் குஞ்சு என்று காப்பாற்றிவிடாதீர்கள். அது பெரும்பாலும் தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு. எருவைக் கிளறும்போது பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.