390-ல இருந்து நேரா ஹயபுசாவுக்குத் தாவலாமா?

கேள்வி: கோயம்புத்தூர்ல இருக்கேன், வயசு 27. 2022 மாடல் கேடிஎம் ஆர்சி 390 ஓட்டிட்டு இருக்கேன். 2017 சுசுகி ஹயபுசா ஒண்ணு பாண்டிச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன்ல ஒன்பது லட்சத்துக்கு வருது, 14,000 கிமீ தான் ஓடியிருக்காம். புதுசு வாங்கற வசதி இல்ல. இதை எடுக்கலாமா, தினமும் ஆபீஸ் போக வருமா, மைலேஜ் என்ன கிடைக்கும்?

பதில்: இப்போதைக்கு எடுக்காதீங்க தம்பி. புசா (ஹயபுசாவோட செல்லப் பேர்) மோசமான வண்டின்னு சொல்லல, நாலு சிலிண்டர் வரிசையா இருக்கற இன்லைன் ஃபோர் இன்ஜின்ல அந்த மாதிரி கீழ இருந்தே இழுக்கற வண்டி ரொம்ப கம்மி, ஆறாவது கியர்ல 50-ல போய்ட்டு இருக்கும்போது த்ராட்டில் திருகினா கூட முனகாம கிளம்பும். அந்த சுகம் தெரிஞ்சவன்தான் நான். ஆனா 2017 மாடல்ங்கறது 2008-ல வந்த ரெண்டாம் தலைமுறை, அதாவது 2017 வண்டின்னு நினைச்சுட்டு நீங்க பாக்கறது 2008-ல போட்ட டிசைன்.

இங்க நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. உங்க 2022 ஆர்சி 390-ல ட்ராக்ஷன் கன்ட்ரோல் இருக்கு, கார்னரிங் ஏபிஎஸ் இருக்கு, வண்டி எவ்ளோ சாஞ்சிருக்குன்னு பாத்து பிரேக்கையும் பவரையும் அதுவே அடக்கும். அந்த புசால இது எதுவுமே கிடையாது. 2013-ல இருந்து சாதா ஏபிஎஸ்ஸும் பிரெம்போ பிரேக்கும் குடுத்தாங்க, அப்புறம் ஏ, பி, சின்னு மூணு பவர் மோட், அவ்ளோதான். இப்ப கணக்கு போடுங்க, உங்க வண்டி 43.5 பிஎஸ், 37 நியூட்டன் மீட்டர், புசா 197 பிஎஸ், 155 நியூட்டன் மீட்டர். டார்க் நாலு மடங்குக்கு மேல, எடை 172 கிலோல இருந்து 266 கிலோ. பவர் நாலு மடங்கு ஏறுது, காப்பாத்தற எலக்ட்ரானிக்ஸ் அதே நேரத்துல காணாம போகுது. மழைல நனைஞ்ச ரவுண்டானால, ரெண்டாவது கியர்ல, 390-ல திருகற அதே பழக்கத்துல கைய திருகினீங்கன்னா பின் டயர் எங்க போகும்னு சொல்ல வேண்டியதில்ல.

எல்லாரும் கேக்கறது 299 கிமீ வேகம் வருமாங்கறதுதான். 1999-ல வந்த முதல் புசா 300-ஐ தாண்டி ஓடி, ஐரோப்பால சட்டம் போட்டு தடுத்துருவாங்கன்னு பேச்சு கிளம்பினப்ப கம்பெனிகளே தங்களுக்குள்ள ஒத்துக்கிட்டு 299-ல நிறுத்தினாங்க, அந்த நம்பருக்கு பின்னாடி இருக்கற கதை அதான். நம்ம நாலு வழி ஹைவேல டூவீலருக்கு லிமிட் 80. புசாவோட முதல் கியரே 100-ஐ தாண்டும். ஆக இந்த வண்டில டாப் ஸ்பீட் உங்களுக்கு பிரச்சனையே இல்ல, அதை நீங்க தொடப்போறதும் இல்ல, முதல் ரெண்டு கியர்ல வலது கை என்ன பண்ணுதுங்கறதுதான் பிரச்சனை. இன்னொண்ணு, வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் நாலு மடங்கு, 80-ல நிக்கறதும் 160-ல நிக்கறதும் ஒண்ணு கிடையாது, அதுல 160-க்கு போறது புசால உங்களுக்கு தெரியவே தெரியாது, அவ்ளோ அமைதியா போயிருக்கும்.

நடுவுல ஒரு படி வைங்கன்னு சொல்வேன். நின்ஜா 650 மாதிரி 68 பிஎஸ் வண்டி ஒண்ணு ரெண்டு வருஷம் ஓட்டுங்க. அதுக்கும் முன்னாடி உங்க 390-ஐயே செட்டிபாளையம் கரி ட்ராக்குக்கு கொண்டு போங்க, கோயம்புத்தூர்ல இருந்துட்டு அந்த ட்ராக்ல ஓட்டாம இருக்கறது பாவம். சின்ன ட்ராக், புசாவுக்கு நீட்டி ஓட இடம் பத்தாது, 390-க்கு அளவெடுத்து தச்ச சட்டை. புசா வாங்கினதுக்கு அப்புறம் இருக்கவே இருக்கு சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக், 3.7 கிமீ நீளம்.

சரி, நான் சொல்லியும் எடுக்கத்தான் போறீங்கன்னா (பாதி பேர் அப்படித்தான்) முதல்ல பேப்பர் பாருங்க, வண்டிய அப்புறம் பாக்கலாம். பாண்டி ரெஜிஸ்ட்ரேஷன்ல ஓனர் டாக்ஸ மிச்சம் பிடிச்சிருப்பார், அந்த பில் உங்க தலைல விழும். வேற மாநில வண்டிய 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா மாத்தி ரெஜிஸ்டர் பண்ணியே ஆகணும், அதுக்கு அந்த ஊர் ஆர்டிஓ கிட்ட என்ஓசி (தடையில்லா சான்று) வேணும், இங்க லைஃப் டாக்ஸ் கட்டணும். தமிழ்நாட்டுல ஒரு லட்சத்துக்கு மேல இருக்கற புது டூவீலருக்கு 12 சதவீதம், பழசுக்கு வயசுக்கு தகுந்த மாதிரி குறையும், குறைஞ்சாலும் சின்ன தொகை இல்ல. என்ஓசி வாங்கி தர்றது விக்கறவர் பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க. சுசுகி 2016-ல இருந்து புசாவ பார்ட்ஸா கொண்டு வந்து இங்கயே அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க, அதனால 2017 வண்டின்னா ஷோரூம் பில் இருந்தே ஆகணும். அதுக்கு முந்தின வண்டிகள்ல கஸ்டம்ஸ் பேப்பர் இல்லாம சுத்தறது நிறைய இருக்கு, அந்த வம்பே வேண்டாம். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் நீங்களே குனிஞ்சு பாத்து ஆர்சி புக்கோட ஒப்பிட்டு பாருங்க.

14,000 கிமீன்னு சந்தோஷப்படாதீங்க. இத்தனை வருஷத்துல அவ்ளோதான் ஓடியிருக்குன்னா பாதி காலம் கவர் போட்டு நின்னிருக்கு, நின்ன வண்டில ரப்பர் எல்லாம் காஞ்சு போகும். டயர் சைடுல கடைசி நாலு நம்பர் பாருங்க, 2319-ன்னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சது, பட்டன் முழுசா இருந்தாலும் அது முடிஞ்ச டயர், பின்னாடி 190/50 சைஸ், ஜோடி முப்பதாயிரத்துக்கு குறையாது. பிரேக் ஃப்ளூயிட், கிளட்ச் ஃப்ளூயிட் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும், முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் சீல்ல ஆயில் கசியுதான்னு கைக்குட்டைல தொடச்சு பாருங்க. இந்த மாடல்ல கிளட்ச் ஹைட்ராலிக், செயின் அழுக்கு பட்டு ஸ்லேவ் சிலிண்டர் (ஃப்ளூயிட் அழுத்தத்துல கிளட்ச தள்ளற பார்ட்) கசியறது தெரிஞ்ச வியாதி. இன்னொரு வியாதி பேட்டரிய சார்ஜ் பண்ற ரெக்டிஃபையர் போறது, மல்டிமீட்டர் எடுத்துட்டு போய் ஆர்பிஎம் 5,000-ல பேட்டரில 14 வோல்ட்டுக்கு மேல நிக்குதான்னு பாருங்க. இன்ஜின் சூடா இருந்தா அன்னைக்கு திரும்பி வந்துருங்க, நாம போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா ஏதோ மறைக்கறாங்கன்னு அர்த்தம். பின் வீல பிடிச்சிருக்கற ஸ்விங்ஆர்ம்ல நீட்டின தடயம் இருந்தா அது டிராக் ரேஸ் ஓடின வண்டி, எவ்ளோ குறைச்சு குடுத்தாலும் தொடாதீங்க. 24,000 கிமீல வால்வ் கிளியரன்ஸ் செக் வேற வரும், டேங்க் எல்லாம் கழட்டற வேலை.

தினமும் ஆபீஸுக்கா? வேண்டாம். காந்திபுரம் சிக்னல்ல மே மாசம் ரெண்டு பச்சைக்கு நின்னீங்கன்னா ஃபேன் ஓடி ஃபேரிங் (வண்டிய மூடியிருக்கற பிளாஸ்டிக்) வழியா வர்ற காத்துல தொடை வெந்துரும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 120 மிமீ தான், வீல்பேஸ் நீளம், நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும், குறுக்க சாச்சு ஏத்தி இறக்கணும், 266 கிலோவ வச்சுக்கிட்டு. ஆபீஸுக்கு 390 இருக்கட்டும், அதை வித்துறாதீங்க.

இன்ஷூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி மட்டும்னா 350 சிசிக்கு மேல வருஷத்துக்கு 2,804 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதைக் காட்டி சீப்புன்னு சொல்வாங்க. ஒரு தடவை ஸ்டாண்ட்ல இருந்து சாஞ்சாலே ஃபேரிங் செலவு பயமுறுத்தும், அதனால ஃபுல் கவர் இல்லாம எடுக்காதீங்க.

மைலேஜ் லிட்டருக்கு 12-ல இருந்து 16 வச்சுக்கோங்க, 21 லிட்டர் டேங்க். மேனுவல்ல 10 சதவீதம் எத்தனால் வரைக்கும்தான் போட்டிருக்கு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம், அதனால டேங்க் நிறைய பெட்ரோல போட்டு மாசக்கணக்கா நிறுத்தி வைக்காம வாரம் ஒருக்க ஒரு முப்பது நாப்பது கிமீ ஓட்டிட்டு வாங்க.