முக்கோணவியல் சமன்பாடுகள்: காரணிப்படுத்தலும் காணாமல் போகும் விடைகளும் – கேள்வி பதில்

(கோணத்தை அ என்றும், முழு எண்ணை ன என்றும் எழுதுகிறேன்.)

கேள்வி: சைன் 2அ = காஸ் அ. 0° முதல் 360° வரை எனக்கு 30°, 150° இரண்டுதான் வருகிறது. விடைப் பக்கத்தில் நான்கு இருக்கிறதே?

பதில்: இரு பக்கத்தையும் காஸ் அ-வால் வகுத்திருப்பீர்கள். காஸ் அ பூச்சியமாகும் கோணங்கள் அங்கேயே போய்விட்டன. வகுக்காதீர்கள். சைன் 2அ என்பது 2 சைன் அ காஸ் அ. அப்படி எழுதி, எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்:

2 சைன் அ காஸ் அ − காஸ் அ = 0
காஸ் அ (2 சைன் அ − 1) = 0

காஸ் அ = 0 என்றால் 90°, 270°. சைன் அ = 1/2 என்றால் 30°, 150°. பொதுத் தீர்வு கேட்டால் 90° + 180°ன, 30° + 360°ன, 150° + 360°ன. முதலாவதில் மட்டும் ஏன் 180°? 90°-யும் 270°-யும் சரியாக அரை வட்டம் தள்ளி நிற்பதால் இரண்டும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன.

கேள்வி: (2 காஸ் அ − 1)(காஸ் அ − 3) = 0. காஸ் அ = 3-ஐ என்ன செய்வது?

பதில்: அடித்துவிடுங்கள். காஸ் 1-ஐத் தாண்டாது. 60°, 300° மட்டும்.

கேள்வி: சைன்² அ = சைன் அ. சைன் அ-வால் வகுத்தால் சைன் அ = 1, சரியா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டேன் அ சைன் அ = டேன் அ. நான் வகுக்கவில்லை! டேன் அ (சைன் அ − 1) = 0. ஆக 0°, 180°, 90°. ஆனால் 90° தவறு என்கிறார்கள்.

பதில்: தவறுதான். 90°-இல் டேனுக்கு மதிப்பே கிடையாது. பெருக்கல் பூச்சியமாக ஒரு காரணி பூச்சியமானால் போதும் என்கிறோம். ஆனால் மற்றதும் ஓர் எண்ணாக இருக்க வேண்டும். விடை 180°ன மட்டுமே.

இடையில் இன்னொருவர்: 90°-ஐ நெருங்கும்போது அந்தப் பெருக்கல் பூச்சியத்தை நோக்கித்தானே போகிறது? வரைபடத்திலும் கோடு அச்சை வெட்டுகிறது.

பதில்: நல்ல கேள்வி. எல்லை மதிப்பு பூச்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சமன்பாடு கேட்பது அந்தக் கோணத்தில் உள்ள மதிப்பை. அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு புள்ளி என்பதால் திரையில் தெரியாது.

அவரே: டேனை சைன்/காஸ் என எழுதி, காஸ் அ-வால் பெருக்கினால்? சைன் அ (சைன் அ − 1) = 0. இதற்கு 90° பொருந்துகிறதே!

பதில்: பொருந்தும், ஏனென்றால் இது வேறு சமன்பாடு. காஸ் அ-வால் பெருக்கியபோது 90°-க்கு இருந்த தடையை நீங்களே எடுத்துவிட்டீர்கள். வகுத்தால் விடை தொலையும், பெருக்கினால் பொய் விடை நுழையும், வர்க்கப்படுத்தினாலும் அப்படியே. சைன் அ + காஸ் அ = 1-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள்: 0°, 90°-யோடு 180°, 270°-யும் வரும். அசல் சமன்பாட்டில் போட்டால் இரண்டிலும் −1.

கேள்வி: தொகையிடல் கணக்கு ஒன்று...

பதில்: இங்கே வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: சைன் 3அ = 1/2. 10°, 50° இரண்டும் போதுமா?

பதில்: அ 360° வரை போனால் 3அ 1080° வரை போகும். 3அ = 30°, 150°, 390°, 510°, 750°, 870°. அப்புறம் மூன்றால் வகுங்கள் (இந்த வகுத்தலில் ஆபத்தில்லை): 10°, 50°, 130°, 170°, 250°, 290°.