செலவழித்தவர் ஒருவர், உறுதியில் நால்வர்

கேள்வி: திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, எங்கள் பரம்பரை நாற்சார் வீடு (நடுவில் முற்றம் வைத்துக் கட்டியது) இருக்கிறது. 1986இல் அப்பா எங்கள் நால்வர் பெயரிலும் நன்கொடை உறுதி (பத்திரம்) முடித்தார். அண்ணர் ரொறன்ரோவில். தங்கை லண்டனில். தம்பி 2019இல் கனடாவில் காலமானார். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு 2012 முதல் வீட்டைப் பார்த்து வருகிறேன். தூண், முற்றம், ஓடு எல்லாம் பழையபடி வர 85 லட்சம் செலவழித்தேன். ஒருவரும் ஒரு சதம் தரவில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தைப் பார்த்ததும் நானும் மனைவியும்தான். இப்போது விருந்தினர் விடுதி நடத்த விரும்பும் ஒருவர் நாலரைக் கோடிக்குக் கேட்கிறார். அண்ணர் விற்க விடமாட்டேன் என்கிறார். தங்கை முழு விலையில் காற்பங்கு கேட்கிறார். பத்து வருடம் தாண்டிவிட்டது, ஆட்சி உறுதி முடித்து நீங்களே விற்கலாம் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். வாங்குபவர் துண்டில் எழுதி 5 லட்சம் தந்துவிட்டார். உடன்படிக்கை எழுதினால் 50 லட்சம் தருவாராம். எழுதலாமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: எழுத வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி யார் பணம் அனுப்பவில்லை, யார் அந்தியேட்டிக்கு வரவில்லை என்பதுதான். மனவருத்தம் புரிகிறது. ஆனால் அதில் ஒரு வரிகூட வழக்கில் ஏறாது. அம்மாவைப் பார்த்தவருக்குக் கூடுதல் பங்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1986ஆம் ஆண்டு உறுதியில் நான்கு பெயர் இருக்கிறது. நீங்கள் பிரிபடாத காற்பங்கின் சொந்தக்காரர். பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

பத்து வருடக் கதைக்கு வருவோம். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அது பிறத்தியாருக்கு எதிராக. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் காணியில் இருந்தால் அவர் மற்றவர்களுக்காகவும் இருக்கிறார் என்பதே சட்டத்தின் எடுகோள். கொரெயா எதிர் அப்புஹாமி வழக்கில், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1911இல் இதைச் சொன்னது. இன்றும் அதுவே நிலை. ‘இனி உங்களுக்கு இதில் பங்கில்லை’ என்று அவர்களுக்குத் தெரியும்படி மறுத்து, அதிலிருந்து பத்து வருடம் போயிருக்க வேண்டும். வெகுகாலத் தனி ஆட்சியிலிருந்து அந்த மறுப்பை ஊகிக்கலாம் என்று 1918இல் தில்லகரட்ண எதிர் பஸ்தியான் வழக்கு இடம் கொடுத்தது உண்மை. உங்களுக்கு அது உதவாது. நீங்களே இணைத்து அனுப்பிய வட்ஸ்அப் பக்கங்களில், வருடா வருடம் படம் போட்டு ‘எங்கட வீடு, ஆளுக்கு இருபது லட்சம் போடுங்கோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணரின் சட்டத்தரணிக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

ஆட்சி உறுதி என்பது ‘இது என்னுடையது’ என்று நீங்களே நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) முன்னால் சொல்லிக் கையெழுத்து வைப்பது. அதனால் புதிதாக எந்த உரிமையும் பிறக்காது. இதில் விழுந்த கட்சிக்காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆட்சி உறுதி காணிப் பதிவகத்தில் பதிவாகும். வாங்குபவர் வங்கிக் கடனுக்குப் போவார். வங்கியின் சட்டத்தரணி பழைய பதிவுகளைத் தேடுவார். நான்கு பெயர் வரும். கடன் கிடைக்காது. அதற்குள் நீங்கள் வாங்கிய 50 லட்சத்தில் பாதி உங்கள் பழைய கடனுக்குப் போயிருக்கும். உடன்படிக்கையில் ‘விற்பவர் தவறினால் முற்பணத்தோடு அதே அளவு நட்டஈடும்’ என்று ஒரு வரி இருக்கும். அவசரத்தில் யாரும் அதை வாசிப்பதில்லை. வழக்கு உங்கள் மேல் வரும், ஆட்சி உறுதி யோசனை சொன்ன ஊரவர் மேல் அல்ல.

கடன் வேண்டாம், காசு கையில் இருக்கிறது என்று வாங்குபவர் சொன்னால் இன்னும் மோசம். முழு வீட்டுக்கும் உறுதி எழுதினாலும் அவருக்குப் போய்ச் சேர்வது உங்கள் காற்பங்கு மட்டுமே. உங்கள் அண்ணரோடும் தங்கையோடும் அவர் கூட்டுச் சொந்தக்காரராகி, முழு விலையையும் கொடுத்துவிட்டு உங்களைத்தான் தேடி வருவார். மற்றவர்களுக்குப் பங்கு இருப்பது தெரிந்தே தனிச் சொந்தக்காரன் என்று கையெழுத்து வைத்துக் காசு வாங்கினீர்கள் என்றால், பொலிஸ் முறைப்பாட்டுக்கும் இடமுண்டு. அதற்கு முன்பே அண்ணர் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் பங்கு வழக்கு (சொத்தைப் பிரித்துத் தரக் கேட்கும் வழக்கு) தாக்கல் செய்து, வழக்கு நிலுவையிலிருக்கும் அறிவித்தலைப் பதிவு செய்துவிட்டால், 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். வழக்கு முடியும்வரை நீங்கள் எழுதும் விற்பனை செல்லாது. ரொறன்ரோவில் இருக்கிற மனிதர் இதற்கெல்லாம் மெனக்கெடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) போதும், இங்கே ஒருவர் எல்லாவற்றையும் செய்துவிடுவார்.

சரி, என் காற்பங்கை மட்டும் விற்கிறேன் என்பீர்கள். யாழ்ப்பாணக் காணி, தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) வருகிறது. 1947ஆம் ஆண்டு 59ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது. முறைப்படி அறிவிக்காமல் வெளியாருக்குக் கொடுத்தால் அண்ணர் வழக்குப் போட்டு அதைத் தன் பக்கம் இழுப்பார். அதோடு, பிரிபடாத பங்குக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

அப்படியானால் 85 லட்சம் போனதா? இல்லை. கூட்டுச் சொந்தக்காரர் செய்த பயனுள்ள திருத்தத்துக்கு இழப்பீடு உண்டு. ஆனால் செலவழித்த தொகையை அப்படியே திருப்பித் தரமாட்டார்கள். அந்தச் செலவால் வீட்டின் பெறுமதி எவ்வளவு கூடியது என்றுதான் பார்ப்பார்கள். ஓடு, பனைச் சிலாகை, சுண்ணாம்புக்குப் பற்றுச்சீட்டு இருக்கும். மேசன் கூலிக்கு இருக்காது. இங்கேதான் அதே வட்ஸ்அப் படங்கள் உங்களுக்குக் கைகொடுக்கும். திகதியோடு இருக்கின்றன, அழித்துவிடாதீர்கள். பங்கு வழக்கென்று வந்தால் நில அளவையாளர் அளக்க வரும் நாளிலேயே திருத்த வேலைகளுக்கு உரிமை கோரிப் பதியச் சொல்லுங்கள். வீடு பழமையானது என்பதற்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதா என்று மட்டும் உறுதிப்படுத்துங்கள்.

பங்கு வழக்குக்குப் போகச் சொல்லி நான் சொல்லவில்லை. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, வழக்குப் போட்டவர் இறந்து பிள்ளைகள் அவர் இடத்துக்கு வருவது புதினமில்லை. நடு முற்றத்தை நாலாக வகுந்து கொடுக்க முடியாது, ஆகவே நீதிமன்றம் விற்கத்தான் சொல்லும்: முதலில் உங்களுக்குள், அப்புறம் பகிரங்க ஏலத்தில். ஏலத்தில் நாலரைக் கோடியை எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே சமாதானம் பேசுங்கள். கணக்கைப் பாருங்கள். நாலரைக் கோடியைச் சரி நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கோடியே 12½ லட்சம். உங்கள் 85 லட்சத்தைக் கழித்துப் பிரித்தால் ஆளுக்கு 91¼ லட்சம். தங்கை உங்களோடு சண்டை போடுவது 21¼ லட்சத்துக்கு. நீங்கள் 85ஐ விட்டு 60க்கு இறங்கினால் அது 15 லட்சமாகிவிடும். 60 லட்சத்தில் முடிந்தால் கைகுலுக்கிவிட்டு வாருங்கள். வழக்கில் அதைவிடக் கூடுதலாக வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

தங்கை ஒத்துக்கொண்டால் அவருடைய அற்றோணித் தத்துவத்தோடு கணவரின் எழுத்துச் சம்மதத்தையும் சேர்த்தே எடுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அசையாச் சொத்தை விற்க 1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்கச் சட்டம் அதைக் கேட்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மச்சான் கையெழுத்தில்லாமல் கடைசி நாளில் நின்றுபோன விற்பனைகள் உண்டு. தம்பியின் பங்குக்கு இங்கே மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் வழக்கு) முடிய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அவருடைய பங்கை விற்க மாவட்ட நீதிமன்ற அனுமதியும் வேண்டும். இதற்கு மாதங்கள் போகும், ஆகவே தம்பி மனைவியோடு இன்றைக்கே பேசுங்கள். உறுதி எழுதும் நாளில் ஒவ்வொருவர் பணமும் தனித்தனி வங்கிக் காசோலையாகப் போகட்டும். உங்கள் கணக்கு வழியாக வேண்டாம்.

அண்ணரிடம் ‘ஏன் விடமாட்டீர்கள்’ என்று வாதாட வேண்டாம். வெளியார் தரும் விலையைச் சொல்லி, அதே விலைக்கு நீங்களே எடுங்கள் என்று சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேளுங்கள். எடுத்தால் நல்லது, வீடு குடும்பத்தில் இருக்கும், உங்களுக்குக் காசு வரும். எடுக்கவும் மாட்டேன், விற்கவும் விடமாட்டேன் என்றால், மற்ற மூன்று பங்கும் ஒன்றாக நிற்பதைப் பார்த்த பிறகு பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள். ஆகவே தங்கையையும் தம்பி மனைவியையும் முடித்த பிறகே அந்தக் கடிதம் போக வேண்டும்.

அந்த 5 லட்சம்: நொத்தாரிசு முன்னால் எழுதாத காணி விற்பனை உடன்பாடு 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டப்படி செல்லாது. வீட்டை விற்கச் சொல்லி அவர் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் காசைத் திருப்பிக் கேட்கலாம். இந்த வாரமே வங்கி மூலம் திருப்பிக் கொடுத்து, அந்தத் துண்டைக் கையில் வாங்கிவிடுங்கள்.