மகள் வானொலிச் செய்தி என்கிறாள், தாய்மாமன் மருத்துவம் என்கிறார்

ஐயா, போன வாரம் நீங்களும் உங்கள் மனைவியும் மகளை அழைத்துக்கொண்டு வந்து, அவளை மேலே என்ன படிக்கவைப்பது என்று பேசினீர்களே, அதற்கு என் பதில் இது. அன்றைக்கே சொல்லியிருப்பேன். ஆனால் மெல்பர்னிலிருந்து பிள்ளையின் தாய்மாமன் நடுவில் அழைத்துக்கொண்டே இருந்தார், உங்களாலும் நிதானமாகக் கேட்க முடியவில்லை. பெயர், அடையாளம் இல்லாமல் பொதுவில் எழுதலாம் என்று சொன்னீர்கள். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று. பதற்றப்பட இதில் எதுவும் இல்லை. சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கிற பிள்ளை, உயர்தமிழ் எடுத்திருக்கிறாள், ஆங்கிலமும் நன்றாக வருகிறது. “தமிழ் வானொலியில் செய்தியாளர் ஆக வேண்டும்” என்று தெளிவாகச் சொல்கிறாள். இந்த வயதில் என்ன வேண்டும் என்றே தெரியாத பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இனி நான் சொல்வது உங்கள் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருக்காது.

மருத்துவத்தை விட்டுவிடுங்கள். அவளுக்கு மதிப்பெண் வராது என்பதால் சொல்லவில்லை, வரக்கூடும். அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. நான் மூன்று விதமாகக் கேட்டும் ஒரே பதில்தான் வந்தது. உயிரியல் பாடம் பிடிக்கும், ஆனால் மருத்துவமனை பிடிக்காது என்றாள். பிடிக்காத ஒன்றில் தொடக்கக் கல்லூரி இரண்டு ஆண்டு, மருத்துவக் கல்லூரி ஐந்து ஆண்டு, பிறகு மருத்துவமனையில் இரவும் பகலும் பயிற்சி என்று ஒரு பிள்ளையைப் பூட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை, அப்பாவாக இருந்தாலும்.

அப்புறம் பணம். உள்ளூரில் இடம் கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலியாவில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. அங்கே வெளிநாட்டு மாணவருக்கான மருத்துவக் கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 80,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டுகிறது. தங்குவதும் சாப்பிடுவதும் தனி. இதற்காக ஐந்தறை வீட்டை விற்று மூவறை வீட்டுக்குப் போகலாம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பதாக உங்கள் மனைவி மெதுவாகச் சொன்னார். தயவுசெய்து அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். மத்திய சேமநிதிச் சேமிப்பிலிருந்து எடுக்கும் கல்விக் கடனும் உள்ளூர்க் கல்விநிலையங்களுக்கு மட்டும்தான், வெளிநாட்டுப் படிப்புக்கு அதைத் தொட முடியாது. ஆஸ்திரேலியா இல்லையென்றால் வேறு நாடு என்றும் பேச்சு வந்தது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் அங்கீகரித்த வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் 2020-ல் 160-லிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டது. பிறகு சில சேர்க்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் பட்டியல் மாறக்கூடியது என்று தெரிந்த பிறகும், குடியிருக்கும் வீட்டை விற்று அதன்மேல் பந்தயம் கட்டலாமா? மாமா பாசத்தில் சொல்கிறார், சரி. ஆனால் கட்டணம் கட்டப்போவது அவர் இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

“வானொலியில் பேசுவதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் காரில் கேட்கும் குரல் அந்த வேலையின் கடைசி சில நிமிடங்கள் மட்டுமே.

ஒலி 96.8 தமிழ் வானொலி நாள் முழுக்க ஒலிபரப்பாகிறது. பாட்டுக்கும் படைப்பாளரின் பேச்சுக்கும் நடுவே வரும் செய்தியறிக்கையைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. விடியற்காலை அறிக்கைக்கு ஆள் வேண்டுமென்றால், முதல் எம்ஆர்டி ரயில் கிளம்பும் முன்பே ஒருவர் எழுந்து செய்தி அறைக்கு வந்திருக்க வேண்டும். இரவில் உலகில் நடந்தது, காலையில் அமைச்சுகளிலிருந்து வரவிருப்பது, தீவு விரைவுச்சாலையில் விபத்தா, ரயில் சேவையில் தடையா என்று பார்த்து, எது முதலில், எது கடைசியில், எது வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டும். கையில் இருப்பது சில நிமிடங்கள். தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் அளவுக்குத்தான் தெளிவாக வாசிக்க முடியும். ஒரு செய்தியில் பத்துச் சொல் கூடினால் இன்னொரு செய்தி வெளியே போகும்.

வந்து சேரும் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதை அப்படியே தமிழாக்கினால் காதில் ஏறாது. உதாரணத்துக்கு ஒரு தீ விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “ஈசூன் வட்டாரத்தில் உள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் நேற்றிரவு ஏற்பட்ட தீயிலிருந்து மீட்கப்பட்ட மூவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகக் குடிமைத் தற்காப்புப் படை தெரிவித்தது.” தாளில் படிக்க இது சரியாக இருக்கும். காதில் கேட்பவர் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்துவிடும். வானொலிக்கு எழுதத் தெரிந்தவர் இப்படி உடைப்பார்: “ஈசூனில் நேற்றிரவு ஒரு வீட்டில் தீ மூண்டது. மூன்று பேர் மருத்துவமனையில் இருக்கிறார்கள். தீ ஏழாவது மாடியில் தொடங்கியது. குடிமைத் தற்காப்புப் படை அவர்களை மீட்டது.” பார்க்க எளிது. நேரம் நெருக்கும்போது இதைத் தப்பில்லாமல் செய்வதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

வெளியே போகும் செய்தியாளரின் வேலை வேறு மாதிரி. வரவுசெலவுத் திட்ட நாளை எடுத்துக்கொள்வோம். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் ஆங்கிலத்தில் நீண்ட உரை ஆற்றுவார். அவர் முடிக்கும் முன்பே, வீடுகளுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பது தமிழில் தயாராக இருக்க வேண்டும். எண் ஒன்று தவறினால் ஈசூனில் இருக்கும் பாட்டி தவறான தொகையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். செய்தியாளர் கூட்டத்தில் ஆங்கிலக் கேள்விகள் முடிந்ததும், தமிழ் தெரிந்த நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடித்து, “ஐயா, இதையே தமிழில் இரண்டு வாக்கியம்” என்று ஒலிவாங்கியை நீட்ட வேண்டும். அப்புறம் தேக்காவுக்குப் போய், காய்கறி வாங்க வந்தவர்களிடம் விலைவாசி பற்றிக் கேட்க வேண்டும். பத்துப் பேர் பேசியதில் எட்டு விநாடி ஒலித்துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, அறிக்கையில் பொருத்த வேண்டும். அதே செய்தியை இணையத்துக்கும் எழுதித் தர வேண்டியிருக்கும். சீனப் பெயர், மலாய்ப் பெயர், உக்ரேனிய ஊர்ப் பெயர் எதுவானாலும் சரியாக உச்சரிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நீங்கள் கேட்கும் குரல்.

இது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் கோவிட் பரவிய 2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் வெளிநாட்டு ஊழியர்கள் தங்குவிடுதிகளில் அடைந்திருந்தார்கள், அவர்களில் தமிழ் மட்டுமே புரிந்தவர்கள் ஏராளம். யார் வெளியே போகலாம், பரிசோதனை எப்படி, சம்பளம் வருமா என்பதெல்லாம் அவர்கள் மொழியில் சரியாக, உடனே போய்ச் சேர வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் தமிழில் தெளிவாகச் செய்தி சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொருவரும் அத்தனை பேருக்குப் பயன்பட்டார். நான் இதில் உணர்ச்சிவசப்படுகிறேன் என்றால் ஆமாம், படுகிறேன்.

உங்கள் மகளுக்கு இது வருமா? நீங்கள் வெளியே தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அவளிடம் ஒரு தகவலைக் கொடுத்து, வானொலிக்கு எழுதச் சொன்னேன். வீட்டில் அதிகம் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2010-ல் 3.3 விழுக்காடு, 2020-ல் 2.5 விழுக்காடு என்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தகவல் அது. முதலில் “நூறு பேரில் இரண்டரைப் பேர்” என்று எழுதினாள். வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். “அரைப் பேர் என்றால் கேட்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள் சார்” என்று அடித்துவிட்டு, “ஆயிரம் பேரில் 33 பேராக இருந்தது, பத்தே ஆண்டில் 25 பேராகிவிட்டது” என்று மாற்றினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்படித் தானாகக் காது வைத்து எழுதுகிற பதினாறு வயதுப் பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

அந்த எண்ணைப் பார்த்து, கேட்க ஆளே குறைகிறதே, இதில் எதிர்காலம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். தமிழ்ச் செய்தி அறைகள் சிறியவை, இடங்கள் குறைவு, மருத்துவரின் சம்பளம் வராது. விடியற்காலை வேலை, பொது விடுமுறையிலும் வேலை. ஆனால் இரண்டு மொழியிலும் சரளமாக எழுதி, பிழையில்லாமல் பேசக்கூடிய இளையர்கள் அதைவிட வேகமாகக் குறைகிறார்கள். தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. நாடாளுமன்றத்திலும் தேர்தல் கால அரசியல் ஒலிபரப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆள் வேண்டும். அதனால்தான் அவளிடம் ஒரு நிபந்தனை போட்டேன்: ஆங்கிலத்தைத் தமிழுக்குச் சமமாக வைத்திரு. நாளைக்குத் தமிழ்ப் பிரிவில் இடம் இல்லையென்றால் ஆங்கிலச் செய்தி வானொலியின் கதவையும் தட்ட முடிய வேண்டும்.

வழி எது என்று கேட்டால், தொடக்கக் கல்லூரி வேண்டாம் என்பேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மாஸ் கம்யூனிகேஷன் பட்டயம். நீ ஆன், ரிபப்ளிக் ஆகிய இரண்டு கல்லூரிகளிலும் உண்டு. குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 3,000 வெள்ளி, மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 10,000 வெள்ளி அளவுக்குத்தான் வரும். நேர்காணல், எழுத்து, ஒலித்தொகுப்பு எல்லாம் முதல் ஆண்டிலிருந்தே கைக்கு வரும். வேலையிடப் பயிற்சிக்கு அவள் ஒரு தமிழ்ச் செய்தி அறையைத்தான் கேட்க வேண்டும், வானொலி கிடைக்காவிட்டால் தமிழ் முரசு போன்ற நாளிதழ். பிறகு விரும்பினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்புத்துறைப் பள்ளி. அல்லது வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டம். இன்னொரு கதவையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்புக்கும் உரைபெயர்ப்புக்கும் என்றே அரசாங்கத்தின் தகவல் சேவை உபகாரச் சம்பளம் 2018-லிருந்து இருக்கிறது. பிணைக்காலம் (படித்ததும் கட்டாயமாக அங்கே வேலை பார்க்க வேண்டிய காலம்) உண்டு, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

“ஆர்ஜே பயிற்சி” என்று வார இறுதி வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் இடங்களுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழை எந்தச் செய்தி ஆசிரியரும் திரும்பிப் பார்க்க மாட்டார். கைப்பேசியில் அவள் தானே பதிவுசெய்த ஐந்து நல்ல அறிக்கைகள் இருந்தால் கேட்பார்.

அம்மாவின் கவலை வேறு: பெண்பிள்ளை, நேரங்கெட்ட வேலை, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது என்ன சொல்வது. அம்மா, இரவுப் பணி மருத்துவருக்கும் உண்டு, அப்போது நீங்கள் பெருமையாகச் சொல்லியிருப்பீர்கள். இதையும் அப்படியே சொல்லுங்கள்.

மாமாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினத்தைச் சொல்லுங்கள். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவர், போர் வந்து வீட்டுப் பணம் நின்றதும் எழுத்தில் இறங்கினார், இங்கே திரும்பி வந்து பத்திரிகையாளராக உழைத்தார், ரேடியோ மலாயாவுக்கும் எழுதினார். அவர்தான் நம் முதல் வெளியுறவு அமைச்சர், நாம் சொல்லும் தேசியப் பற்றுறுதியை எழுதியவர். முன்னாள் அதிபர் வீ கிம் வீயும் செய்தியாளராக இருந்தவரே. உங்கள் மகள் அமைச்சராக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செய்தித் தொழிலைக் குறைவாகப் பேசும்போது யாரையெல்லாம் சேர்த்துக் குறைக்கிறோம் என்று மாமா ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஓ நிலைத் தேர்வுக்கு முன்பே, ஆண்டின் நடுவில், இஏஇ எனப்படும், தொழிற்கல்லூரிகளுக்கான முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பம் திறக்கும். அதில் ஆர்வத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவள் ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறாள் என்பதை அவளே எழுதட்டும். நீங்களோ மாமாவோ திருத்த வேண்டாம், பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஒருமுறை பார்த்தால் போதும். நேர்காணலுக்கு அழைத்தால் கைப்பேசியில் அவள் பதிவுசெய்து வைத்திருக்கும் அறிக்கைகளையும் எடுத்துப் போகட்டும். அதற்கு முன் ஒருநாள் மூவரும் உட்கார்ந்து அவற்றை முழுதாகக் கேளுங்கள், நீங்கள் இன்னும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள்.