சென்னையிலிருந்து டானகில் பாலைவனம்: என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி: எத்தியோப்பியாவின் டானகிலுக்கு எரிமலை பார்க்கப் போகிறோம். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சூடு பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். மே மாதச் சென்னையில் வியர்வை சொட்டச் சொட்ட வழிவதால், உடம்பு நீர் இழப்பது கண்ணுக்குத் தெரியும். அங்கே வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். சட்டையில் உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் தலைவலியில் போய் முடியும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5, 6 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டராவது ஓஆர்எஸ் கரைத்ததாக இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் போகத் தக்க காலம். டானகிலின் வண்ண வெந்நீர் ஊற்றுப் பகுதியான டல்லோலில் 1960களில் பதிவான ஆண்டுச் சராசரியே 34 டிகிரிக்கு மேல்.

டிக்கெட்டுக்கு முன் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் என்று கேட்டுவிட்டுப் போங்கள். போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம்.

அடுத்தது மாஸ்க். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். என்95 தூசியைத் தடுக்கும். எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடு வாயு அதன் வழியே தாராளமாக வரும். அமில வாயுவுக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக மாஸ்க் வேண்டும். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். தாடி இருந்தால் விளிம்பு முகத்தோடு ஒட்டாது, வாங்கியும் வீண். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமே நில்லுங்கள்.

டல்லோலில் மஞ்சள் நிறம் கந்தகத்தின் வேலை. பச்சை, பழுப்பு நிறங்கள் இரும்பின் வேலை. அழகுக்கு அடியில் இருப்பது பிஎச் பூஜ்யத்தையும் விடக் கீழே போகும் கொதிக்கும் அமில உப்புநீர். மேலே உள்ள உப்பு ஓடு சில இடங்களில் அப்பளம்தான். வழிகாட்டி கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள், போட்டோவுக்காக ஓரடிகூட விலகாதீர்கள். எர்ட்டா ஆலே எரிமலையில் புதிய லாவாவின் மேலோடு உள்ளே பொள்ளலாக இருக்கும். உடைந்து கால் இறங்கினால் கண்ணாடிச் சில்லு போலக் கெண்டைக்காலைக் கிழிக்கும். ஆகவே முழுக்கால் பேன்ட், தடித்த கையுறை. பள்ளத்தின் விளிம்பு அடியில் அரித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். விரிசல் தெரிந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

ஷூவின் சோல் பசை பழசானால் சூட்டில் பெயர்ந்துவிடும். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் சுற்றிலும் ஒரு தையல் போட்டு வாங்குங்கள். டல்லோலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

எர்ட்டா ஆலேயில் லாவா ஏரி தெரியும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். 2017 வெடிப்பில் அந்த ஏரியின் மட்டம் சட்டென்று இறங்கியது. 2025 நவம்பரில் பக்கத்து ஹைலி குப்பி எரிமலை வெடித்து, சாம்பல் டெல்லி வரை வந்தது. டல்லோலையும் உப்பு ஏரியையும் நம்பிப் பணம் கட்டுங்கள், எர்ட்டா ஆலே கிடைத்தால் லாபம்.

2012ல் எர்ட்டா ஆலேயில் 5 சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். ஆயுதக் காவல் இல்லாத மலிவுப் பயணம் வேண்டாம். வெளியுறவு அமைச்சக அறிவிப்பையும், காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் வராது என்ற பக்கத்தையும் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.