பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாக்கடை நாற்றம்: கேட்டவர்களுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ரொம்ப வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: தம்பி, வருடத்துக்கு ஒரு தடவை, விசேஷம் என்றால்தான் வீட்டைத் திறக்கிறோம். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நிற்க முடியாத நாற்றம். செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதா?

ஆளே இல்லாத வீட்டில் டேங்க் எப்படி ஆச்சி நிறையும்? நிறைந்ததால் அல்ல, காய்ந்ததால் வருகிற நாற்றம் இது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற இடத்தில் இருக்கிற ஓட்டை போட்ட மூடியை (ஜாலி) தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கிண்ணம் மாதிரி இருப்பதுதான் நஹானி டிராப். அதில் சுமார் 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். டேங்கின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் மறிக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். நம் ஊர் சித்திரை வெயிலில், பூட்டின வீட்டில், அது வற்றிவிடும். வெளிச்சத்தில் தண்ணீர் பளபளக்காமல் அடியில் வெள்ளைப் பொருக்கும் கரப்பான் எச்சமும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒவ்வொரு டிராப்பிலும், கக்கூஸிலும், வாஷ்பேசினிலும், மாடியில் யாரும் போகாத குளியலறையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். நான் போகிற வீடுகளில் பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும். திரும்பப் பூட்டும்போது தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று கரண்டி லிக்விட் பாரஃபின் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதால் வற்றுவது தாமதமாகும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றச் சொல்லிவிடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: எல்லாவற்றிலும் ஊற்றியாயிற்று அண்ணே. இரண்டே நாளில் திரும்ப நாறுகிறது.

சரி, அப்படியென்றால் எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் பாலிதீன் தாளை வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். ஒரு வீட்டில் மூன்று குளியலறையும் சுத்தமாக இருந்தது. கடைசியில் மர அலமாரியை நகர்த்தினால், பின்னால் எப்போதோ கழற்றின வாஷ்பேசினின் குழாய், வாயில் கந்தல் துணி அடைத்தபடி. துணி காற்றைத் தடுக்காது. பிவிசி குழாய் என்றால் எண்ட் கேப் வைத்து பசை போட்டு மூடுங்கள், நிரந்தரமாகத் தீரும். முற்றத்து மழைநீர் போகும் வாய்க்காலில் பின்னாளில் யாராவது குளியலறைக் குழாயைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சேர்த்திருந்தால் பிரித்துவிடுங்கள். அது மழைத்தண்ணீருக்காகக் கட்டினது.

புதுவயலிலிருந்து: கக்கூஸில் தண்ணீர் விட்டால் பக்கத்து டிராப் களக் களக் என்கிறது.

கழிவுக்குழாய்க்குக் காற்று வர மாடி வரை ஏற்றியிருக்கிற காற்றுக்குழாய் அடைத்திருக்கும். மொட்டை மாடியில் அதன் வாயைப் பாருங்கள். அணில் கூடோ, தூசி அடைந்த கொசுவலையோ இருக்கும். காற்று உள்ளே வர வழியில்லாததால், கக்கூஸிலிருந்து இறங்குகிற தண்ணீர் டிராப்பின் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது.

நியூ ஜெர்சியிலிருந்து: மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் நாற்றம். குளிர்காலத்தில்தான் அதிகம்.

டிராப்பின் தண்ணீரை வற்ற வைப்பது இங்கே வெயில், அங்கே ஹீட்டர். அவ்வளவுதான் வித்தியாசம். தரை டிரெய்னில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம். உங்கள் ஊர்ப் பூப்போட்ட தரைக்கல் சிமென்ட்டில் செய்தது, ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துப் பூ எல்லாம் போய்விடும். ப்ளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

அரியக்குடியிலிருந்து: டேங்கைத் திறந்து ஆளை இறக்கிப் பார்க்கச் சொல்லட்டுமா?

தயவுசெய்து யாரையும் இறக்காதீர்கள். அழுகின முட்டை மாதிரி நாறுகிற அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மூக்குக்கே தெரியாமல் போகும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குகிறவர் அங்கேயே விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டமும் தடை செய்திருக்கிறது. மூடியைத் திறந்து தீக்குச்சியும் கிழிக்காதீர்கள், மீத்தேன் பற்றிக்கொள்ளும். கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள், வெளியே நின்றே முடித்துவிடுவார்கள்.